வரி நோட்டில் ஏறாத பெயர்கள்

நெல்லைச் சீமையில் கோயில் கொடை விழா நடத்தும் ஊர்களின் நாட்டாமைகளுக்கும் விழாக் கமிட்டியாருக்கும்,

அண்ணாச்சிமாரே, வணக்கம். ஆடிக் கொடைக்கு வரி எழுத நோட்டை எடுக்கும் முன்னால், அந்த நோட்டைப் பற்றியே கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

பல ஊர்களில் கல்யாணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு, அதாவது வரிக் கணக்கில் ஒரு குடும்பம். பையனுக்குத் தாலிகட்டு முடிந்ததும் தனி வரி விழும். ஊர்க் கூட்டத்தில் பேசும் உரிமையும் கூடவே வந்துவிடும். புருசன் இறந்த வீடு அரை வரியாகிறது. பார்க்கச் சலுகை மாதிரிதான் இருக்கும். ஆனால் அரை வரிக்குக் கொடையில் கிடைக்கும் பங்கும் பாதி, பேச்சுக்கு இடமே இல்லை. நோட்டில் இறந்தவர் பெயரே கிடக்கும், அல்லது பள்ளிக்கூடம் போகும் மகன் பெயர் ஏறும். கல்யாணம் ஆகாமல் சம்பாதித்து அப்பா அம்மாவைக் காப்பாற்றும் பெண் கொடுத்தால் அது வரியே இல்லை, 'நன்கொடை'!

2013ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ரேஷன் அட்டைக்கு வீட்டில் 18 வயது நிறைந்த மூத்த பெண்தான் தலைவி. ரேஷன் கடையில் தலைவி, கோயில் வாசலில் யாருமில்லை. ஆலங்குளம், முக்கூடல் பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்த வரியே பீடிக் கூலியில் சேர்ந்த பணம் என்பது உங்களுக்கும் தெரியும்.

"பொம்பளைகளுக்குத்தான் முளைப்பாரி இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. கொடைக்குக் கால் நடும் கால்நாட்டை ஒட்டி விதை ஊறப்போடவேண்டும். சட்டியில் வைக்கோல், அதன்மேல் கரம்பை மண்ணும் சலித்த சாணத்தூளும், மேலே ஊறின பாசிப்பயறும் தட்டாம்பயறும். இருட்டறையில் எட்டு நாளைக்குக் குறையாமல் வளர்க்கவேண்டும். தண்ணீர் கையால் தெளிப்பதுதான். கூடிப்போனால் அடி அழுகி நாறும், குறைந்தால் நுனி வாடும். கதவு இடுக்கில் வெளிச்சம் பட்டால் போதும், அந்தப் பக்கத்து முளை மட்டும் பச்சை பிடித்துக் குட்டையாக நின்றுவிடும். இத்தனைக்கும் விரதம் வேறு. வில்லுப்பாட்டு, மேளம், லைட்டு செட்டுக்கெல்லாம் செலவுக் கணக்கில் தனித்தனியாக இடம் உண்டு. முளைப்பாரிச் செலவு மட்டும் எத்தனை ஊர்க் கணக்கில் இருக்கிறது?

கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்றும் சொல்கிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அடுப்படியை விட்டு யார் வருவார்கள்? ஞாயிறு மாலை நாலு மணிக்கு வையுங்கள்.

நோட்டை மாற்றுவதும் பெரிய வேலையில்லை. தனி அடுப்பு எரியும் வீடு ஒவ்வொன்றும் ஒரு வரி. புருசன் பெண்டாட்டி இரண்டு பெயரும் ஏறட்டும்; தனியாக இருப்பவர் என்றால் அவர் பெயர் மட்டும். ரசீதும் மைக்கில் வாசிப்பதும் அந்தப் பெயரிலேயே. கஷ்டப்படுகிற வீட்டுக்கு, ஆண் வீடோ பெண் வீடோ, அரை வரி போடுங்கள். பங்கிலும் பேச்சிலும் கைவைக்காதீர்கள். பொருளாளர் பொறுப்பை மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேங்க் பாஸ்புக் மூன்றையும் ஒத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நம் கமிட்டிகளில் அந்தப் பழக்கம் எவ்வளவு இருக்கிறதென்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று: சாமியை அழைக்கும் குடியழைப்பு ராத்திரி தொடங்கி, நடுச்சாமப் பூசையான சாமக்கொடை முடியும்வரை பெண்கள் கோயிலடியில்தான் இருக்கிறார்கள். பந்தல் செலவோடு தற்காலிகக் கழிப்பறைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

கால்நாட்டுக்கு முந்திய கூட்டத்தில் பழைய நோட்டை முழுக்க வாசியுங்கள். பெயர் விடுபட்டவர்கள் ரேஷன் அட்டையோடு வருவார்கள்; அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வரி கொடுத்தும் பெயர் ஏறாத வீட்டுக்காரிகள்