தலைவர் ஸ்டாம்ப் இரண்டு

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உன் விஞ்ஞானக் கதை வாசகர் சங்கத்துக்காக மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிட்டாயா? ரசீது இல்லாமல் போய் நிற்காதே.

சங்கம் நின்றுபோனது உன் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரி, போகட்டும். ஆனால் துணைவிதிகளை எழுதிக் கொடுத்தவன் நான். காலமெல்லாம் பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், ஏழு பேரும் உறுதிதானா என்று அன்றே கேட்டேன். "விஞ்ஞானக் கதை படிக்கிறவங்க பின்வாங்க மாட்டாங்கப்பா" என்றாய். கையெழுத்து ஆவதற்கு முன்பே ரப்பர் ஸ்டாம்ப் வந்துவிட்டது. அதிலும் தலைவர் ஸ்டாம்ப் இரண்டு! நடுவில் மூக்கு கோணிய ராக்கெட் வேறு. பார்த்ததுமே விளங்கிவிட்டது, வாய் திறக்கவில்லை.

முகவுரை மட்டும் அருமை. நம் வேலூரில் 1998இல் தொடங்கிய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் ஆய்வாளர்களுக்கு, இது வெறும் வாசகர்களுக்கு என்று எழுதியிருந்தாயே, அதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

விஞ்ஞானக் கதைப் பத்திரிகை நடத்திய கெர்ன்ஸ்பாக் 1934இல் அமெரிக்காவில் அதன் மூலம் வாசகர் லீக் ஆரம்பித்ததும், மறு வருடமே நியூயார்க் பையன்கள் சிலரை வெளியேற்றியதும் நீ சொன்ன கதைதான். எழுதிய கதைக்குக் காசு வராததில் தொடங்கிய தகராறு அது. அதனால்தான் பணக் கணக்கு சுத்தமாக இருக்கட்டும் என்கிறேன், ரசீதைத் தேடு. 1939இல் முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் ஆறு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவரான ஃபிரெடரிக் போல் பிறகு எவ்வளவு பெரிய எழுத்தாளர் ஆனார்! சிரித்துச் சிரித்துச் சொன்னவள் நீதான்.

அப்புறம், புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டாயாமே, நிஜமா? சங்கம் போனால் போகிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நடுவிலும் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவள் நீ. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரியப்பா பையன் ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வருகிறான். நெல்லிக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். மிச்சம் ஏதாவது புத்தகம் இருந்தால் அவனிடம் கொடு, மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. எடைக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் அந்த பேங்க் பரீட்சை கைடுகளைப் போடு.

அப்பா