36 வீத வரிக்காரருக்கு ஆலோசகர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் கொஞ்சம் காசு புழங்கும் வீடுகளின் கேற்றடியில் இப்போதெல்லாம் ஒரு நிதி ஆலோசகர் நிற்கிறார். விசேட வைத்திய நிபுணர்கள், துறைமுகத்திலும் ஆலைகளிலும் மேல்மட்டத்தில் இருப்பவர்கள், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்கள், வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யும் கணினிப் பிள்ளைகள் என்று ஒருவரையும் விட்டுவைப்பதில்லை. இவர்களுக்குக் காசு கொடுத்து ஆலோசனை கேட்பது பிரயோசனமா என்று பலரும் கேட்கிறார்கள். வருமானம் எத்தனை இலட்சம் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. அது எத்தனை வழியால் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உயர் வருமானம் என்றால் எது? 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரிவிலக்கு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஐந்து ஐந்து இலட்சமாக 18, 24, 30 வீதம், எஞ்சியது முழுவதற்கும் 36 வீதம். ஆகவே ஆண்டுக்கு 43 இலட்சத்தை, அதாவது மாதம் ஏறத்தாழ 3 இலட்சத்து 58 ஆயிரத்தைத் தாண்டியவர் மேலதிகமாக உழைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 36 சதம் இறைவரித் திணைக்களத்துக்குப் போகிறது. மாதம் 6 இலட்சம் சம்பளக்காரருக்கு ஆண்டு வரி 14 இலட்சத்து 64 ஆயிரம். இந்தக் கோட்டைத் தாண்டியவர்களைப் பற்றியே இக்கடிதம்.

ஒரே ஒரு சம்பளம், ஒரு வீடு, வங்கியில் சில வைப்புகள் என்று இருப்பவருக்கு நிரந்தர ஆலோசகர் தேவையில்லை. வரியை வேலை கொடுப்பவரே மாதாமாதம் கழித்துவிடுகிறார். ஊழியர் சேமலாப நிதிக்கு இவருடைய 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் கட்டும் 3 வீதமும் தானாகவே போகின்றன. சம்பள வருமானத்தில் இருந்து செலவு எதையும் கழிக்க முடியாததால் ஆலோசகர் மூளையைப் பாவிக்க அங்கே இடமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு தடவை நல்ல கணக்காளர் ஒருவரிடம் அரைநாள் இருந்தால் போதும்.

அந்த அரைநாளையும் மிச்சம் பிடிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் வைப்பு வட்டி. 50 இலட்சத்தை 8 வீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டால் ஆண்டு வட்டி 4 இலட்சம். வங்கி 10 வீதம், அதாவது 40 ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறது. வரி அத்துடன் முடிந்தது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். முடியவில்லை. 36 வீதக்காரருக்கு அந்த வட்டி மீதான வரி 1 இலட்சத்து 44 ஆயிரம். வங்கி பிடித்தது முற்பணம் மட்டுமே, இன்னும் 1 இலட்சத்து 4 ஆயிரம் கட்ட வேண்டும். கைக்கு வருவது 2 இலட்சத்து 56 ஆயிரம், அதாவது 5.12 வீதம். 8 வீதத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடும் எந்தத் திட்டமும் இவருக்குப் பொய்த் திட்டம். இதற்கு மருந்தாக "மனைவி பெயரில் போட்டுவிடுங்கள்" என்று லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். வருமானத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றி வரியைக் குறைப்பதற்கு எதிரான ஏற்பாடு உள்நாட்டு இறைவரிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றி வாய் திறக்காமல் இந்த யோசனையைச் சொல்பவரிடம் வேறு யோசனையும் கேட்க வேண்டாம்.

வருமானம் இரண்டு, மூன்று வழியால் வரும்போது கதை வேறு. அங்கே ஆலோசகர் தன் கூலியைத் தானே உழைத்துத் தருவார்.

அரச மருத்துவமனைச் சம்பளமே 43 இலட்சத்தைத் தாண்டிவிட்ட ஒரு நிபுணர் மாலையில் தனியார் கிளினிக்கில் மாதம் 3 இலட்சம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36 இலட்சம். கொடுப்பவர் 5 வீதம், அதாவது 1 இலட்சத்து 80 ஆயிரத்தைப் பிடித்துக்கொள்கிறார். உண்மையான வரி 12 இலட்சத்து 96 ஆயிரம். ஆனால் இது தொழில் வருமானம், செலவைக் கழிக்கலாம். உதவியாளர் சம்பளம், அறை வாடகை, கருவிகளின் தேய்மானம் என்று 9 இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டு இருந்தால் வரி 9 இலட்சத்து 72 ஆயிரமாக இறங்கும். பிடித்ததைக் கழித்தால் 7 இலட்சத்து 92 ஆயிரம். நான்கு தவணையாகக் கட்டினால் தவணைக்கு ஏறத்தாழ 2 இலட்சம். இங்கே ஆலோசகர் மிச்சம் பிடித்துத் தந்தது 3 இலட்சத்து 24 ஆயிரம். அவருக்கு ஆண்டுக்கு 50 ஆயிரம் கொடுத்தாலும் நட்டமில்லை. ஆனால் உதவியாளருக்குக் கையில் காசாகக் கொடுத்து ஒப்பம் வாங்காமல் விட்டிருந்தால் எந்த ஆலோசகராலும் ஒன்றும் செய்ய முடியாது. வரி ஆண்டு பிறக்கும் ஏப்ரல் மாதமே தொடங்க வேண்டிய வேலை இது. நவம்பர் 30ஆம் திகதி வருமான வரி விவரத்திரட்டு கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது ஓடி வருவதில் பயன் இல்லை.

விடுதிக்காரரின் சிக்கல் காலம். கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. வரித் தவணைகளோ ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15, மீதியைத் தீர்க்க செப்டெம்பர் 30. ஓகஸ்டில் கல்லாப்பெட்டி நிறைந்திருக்கும். நவம்பரில் வாடைக்காற்றும் மழையும், பெப்ரவரியில் அறைகள் வெறுமை. இரண்டு தவணைகள் காசில்லாத மாதத்தில் விழுகின்றன. அப்போது நகையை அடகு வைத்து வரி கட்டுவது இங்கே நடக்கிறது. தொழில் தெரிந்த ஆலோசகர் ஓகஸ்ட் முதல் பாதியிலேயே நவம்பர் தவணைக்கான தொகையை 91 நாள் திறைசேரி உண்டியலிலும் பெப்ரவரித் தவணைக்கானதை 182 நாள் உண்டியலிலும் போடச் சொல்லுவார். நாளை எண்ணிப் பாருங்கள், ஓகஸ்ட் 15இல் இருந்து 91ஆம் நாள் நவம்பர் 14, 182ஆம் நாள் பெப்ரவரி 13. காசு முதிர்ந்து கைக்கு வந்த அடுத்த நாட்களில் தவணை. இதைப் பற்றிப் பேசாமல் இருபது வருடத் திட்டம் ஒன்றைத் தூக்கி மேசையில் வைப்பவருக்கு விடுதித் தொழில் தெரியாது.

நம்மூரில் உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசு கைமாறும் வழி என்றுதான் பலருக்கு நினைவு வரும். அரசாங்கத்துக்காக மத்திய வங்கி வெளியிடும் கடன் பத்திரத்துக்கும் அதே பெயர் இருப்பதால் திறைசேரி உண்டியல் என்றதும் பின்வாங்குபவர்களும் உண்டு. இது அரசாங்கத்துக்குக் கொடுக்கும் குறுங்காலக் கடன். மற்ற உண்டியல் கணினிப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து. வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கான வருமானம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வந்தால் உச்ச வரி 15 வீதம். மாதம் 5 இலட்சத்துக்குச் சமமாக வரும் ஒருவருக்கு இந்த வீதத்துக்கும் சாதாரண வீதத்துக்கும் இடையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் வித்தியாசம். நல்ல மாற்று வீதம் கிடைக்கிறதென்று உண்டியலில் எடுத்தால் சலுகை போய்விடும். ஒப்பந்தம், விலைப்பட்டியல், வங்கியின் வரவு அறிவித்தல் மூன்றையும் மாதவாரியாகக் கோர்த்து வைக்க வேண்டும். உள்ளூர்க் கிளைக் கம்பனியின் சம்பளப் பட்டியலில் ரூபாயில் சம்பளம் வாங்குபவருக்கு இந்தச் சலுகை இல்லை.

இனி, சதம்கூட வாங்காமல் வருபவர். அவருக்கு யாரோ காசு கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது காப்புறுதிக் கம்பனி. விசிட்டிங் கார்ட்டில் நிதித் திட்டமிடல் ஆலோசகர் என்று இருக்கும், பதிவோ காப்புறுதி முகவர் என்ற பதிவு. முகவராக இருப்பது குற்றமில்லை, ஆலோசகர் வேடம்தான் பிரச்சினை. நீண்டகால ஆயுள் காப்புறுதியில் முதல் வருடக் கட்டணத்தில் தரகு அதிகம், பிறகு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் நான்கு வருடம் கட்டிய பழைய பாலிசியை நிறுத்திவிட்டுப் புதியதை எடுக்கச் சொல்கிறார்கள். நிறுத்தினால் உங்களுக்குக் கிடைக்கும் சரண் பெறுமதி கட்டியதை விடக் குறைவு, புதிய பாலிசியில் அவருக்கு மறுபடியும் முதல் வருடம்.

அவர் காட்டும் அட்டவணையை இப்படி வாசியுங்கள். மாதம் 50,000, இருபது வருடம், முடிவில் இரண்டரைக் கோடி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கட்டுவது 1 கோடி 20 இலட்சம், கிடைப்பது இருமடங்குக்கும் மேல் என்பார். கைபேசி எக்செல்லில் ரேட் என்ற சூத்திரத்தைத் திறந்து 240 மாதம், கழித்தல் குறியுடன் 50,000, ஆரம்ப மதிப்பு பூச்சியம், இறுதி மதிப்பு 2,50,00,000 என்று கொடுத்து, வருவதை 12ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 6.7 வீதம். இருமடங்கு இவ்வளவுதான். விலைவாசி ஆண்டுக்கு 6 வீதம் ஏறினால் அந்த இரண்டரைக் கோடிக்கு இன்றைய மதிப்பு 78 இலட்சம். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியதைப் பார்த்தவர்கள் நாம், 6 என்பதே நல்ல மனதோடு எடுத்த இலக்கம். பிறகு அட்டவணையின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள். எந்த நிரல் உத்தரவாதம், எந்த நிரல் எதிர்பார்ப்பு என்று அங்கேதான் இருக்கும். வரி குறையும் என்று சொன்னால் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதித் தரக் கேளுங்கள். சிறு பிள்ளைகளும் கடனும் உள்ளவருக்கு ஆயுள் காப்பு அவசியம்தான். அதற்குச் சேமிப்பு ஒட்டாத தனிக் காப்பு எடுத்தால் அதே தொகைக்குப் பல மடங்கு காப்பு கிடைக்கும். அதை அவர் தானாகக் காட்டமாட்டார்.

சொத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 1 வீதம் கேட்பவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். 2 கோடிக்கு அது 2 இலட்சம். கேட்கச் சிறிதாகத் தோன்றும், ஆனால் வரிக்குப் பின் 5.12 வீதம்தான் மிஞ்சுகிறது என்று மேலே பார்த்தோம். அதில் 1 வீதம் என்றால் உங்கள் இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவர் அந்தக் காசை, பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் யூனிட் ட்ரஸ்டில் போட்டால் அங்கே முகாமைக் கட்டணம் வேறாகக் கழியும், ஒரே காசுக்கு இரண்டு கூலி. வேலைக்கு இவ்வளவு, அல்லது மணிக்கு இவ்வளவு என்று பேசி எழுதிக்கொள்வதே நமக்குச் சரி.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. காசோலையை நிறுவனத்தின் பெயருக்கு மட்டும் எழுதுங்கள், ஆலோசகரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். நிரப்பாத படிவத்தில் ஒப்பமிட வேண்டாம். திறைசேரி உண்டியல் வாங்கினால் அது உங்கள் பெயரில் மத்திய வங்கியின் லங்கா செக்கியூர் என்ற மின்னணுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், கூற்றும் உங்களுக்கே வர வேண்டும். நிதிக் கம்பனி கூடுதல் வட்டி தருகிறது என்றால் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 50 இலட்சத்தையும் ஒரே இடத்தில் போட்டால் 39 இலட்சம் வெளியே நிற்கிறது. மாதம் 5 வீதம், 10 வீதம் தருகிறோம், ஆள் சேர்த்தால் மேலும் உண்டு என்பது பிரமிட். வங்கியியல் சட்டத்தின்படி அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது.

கடைசியாகக் காணி. கொழும்பில் இருந்து வரும் ஆலோசகரின் படிவத்தில் அசையாச் சொத்து என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கும். திருகோணமலையில் பாதிச் சொத்து அந்தக் கட்டத்துக்குள்தான். சொந்த உறுதிக் காணியா, அரசு தந்த அனுமதிப்பத்திரக் காணியா என்று கேட்காமல் அதன் மதிப்பை எழுதினால் மொத்தத் திட்டமும் பிழையாகிவிடும். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்க முடியாது, பின்னுரித்தாளர் பெயர் பதியாமல் விட்டால் பிள்ளைகளுக்குள் வழக்கு. வாடகைக்கு விட்ட வீடென்றால் வாடகையில் கால்பங்கு கழிவு உண்டு, மிச்சத்தை விவரத்திரட்டில் காட்ட வேண்டும். முதல் சந்திப்புக்குப் போகும்போது சம்பளச் சீட்டு, வங்கிகள் தந்த வரிச் சான்றிதழ்கள், பாலிசிகள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி எல்லாவற்றையும் ஒரே கோவையில் கொண்டுபோங்கள். ஆலோசகர் எதை முதலில் புரட்டுகிறார் என்று பாருங்கள். பாலிசிகளை ஒதுக்கிவிட்டு வரிச் சான்றிதழை எடுப்பவரிடம் கட்டணம் எவ்வளவு என்று பேசத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வரிக் கணக்காளர் ஒருவர்,
உவர்மலை,
திருகோணமலை.