என்னைப் படுக்கச் சொல்லாதே, கயல்

அன்புள்ள கயலுக்கு,

"டயாலிசிஸ் பண்ற உடம்புப்பா, பேசாம படுத்திருங்க" என்று நேற்று போனில் சொன்னாய். உன் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. ஆனால் படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் யூனிட்டில் தினமும் பார்க்கிறேன். கைவீசி வந்தவர்கள் கொஞ்ச நாளில் சுவரைப் பிடித்து வருகிறார்கள், பிறகு வீல்சேரில். சிறுநீரகம் செயலிழந்தால் தசையும் கரையும். ரத்தசோகை வேறு மூச்சு வாங்க வைக்கும். வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் அசையாமல் கிடந்தால் கால் எப்படித் தாங்கும்?

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் பிசியோதெரபி தம்பி டயாலிசிஸ் கட்டிலின் கால்மாட்டில் சைக்கிள் பெடலைப் பொருத்தினார். டயாலிசிஸ் ஊசி குத்தியிருக்கும் ஃபிஸ்டுலா கையை அசைக்கவே கூடாது. கால் மட்டும் மிதிக்கும், அதுவும் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். நேரம் ஆக ஆக மெஷின் நீரை இழுத்துவிடும், பிரஷர் இறங்கும், அப்போது மிதித்தால் தலை சுற்றும். உடம்பில் நீர் சேர்ந்து எடை ரொம்பக் கூடி மூச்சு முட்டுகிற நாளில் பெடலே கிடையாது.

ஜெர்மனியில் 21 மையங்களில், 900 பேருக்கு மேல் வைத்து, டயாலிசிஸ் நேரத்திலேயே ஒரு வருடம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணியதில், பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 16-லிருந்து 19-க்கு ஏறினார்கள். செய்யாதவர்கள் அதே 16-லிருந்து 15-க்கும் கீழே இறங்கினார்கள். மூன்று தடவைதானே என்று நினைக்காதே. யார் கையையும் பிடிக்காமல் கக்கூஸிலிருந்து எழுந்து வருவதும், பஸ் படி ஏறுவதும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் முட்டி வலி. என்னைத் தூக்கிவிடும் வேலை அவளுக்கு வரக் கூடாது.

டயாலிசிஸ் இல்லாத நாளில் தெருக்கோடி வரை நடக்கிறேன். பொங்கலுக்கு நீ வரும்போது கூட நட. இளநீர் மட்டும் வாங்கி நீட்டாதே, பொட்டாசியம் ஏறிவிடும். சாப்பிட்ட தட்டை நானே கழுவப் போனால் தடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

அன்புடன்,
அப்பா