ஞாயிறு மாடியில் குகேஷ் ஆட்டம்

அண்ணாச்சிமார், மதினிமார், பிள்ளைகள் எல்லோருக்கும்: வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, பாளையங்கோட்டையில் வழக்கமான மாடியில், 2024-இன் செஸ் ஆட்டங்களைப் போர்டில் போட்டுப் பார்க்கிறோம். டொராண்டோ கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவாகும் போட்டி), அப்புறம் நாடுகள் அணியாக ஆடும் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் ஓபன், பெண்கள் இரண்டிலும் இந்தியாவுக்குத் தங்கம் (ஓபனில் 22-க்கு 21 புள்ளி, லேசுப்பட்டதா!), இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும்.

நேரமெல்லாம் சிங்கப்பூருக்குத்தான். உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி, டிசம்பர் 12 அன்று நடந்த 14-ஆவது ஆட்டம். டிராதான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரன் 55-ஆவது நகர்த்தலில் ரூக்கை எஃப்2 கட்டத்தில் வைத்தார், குகேஷ் ரூக்கை மாற்றிக்கொண்டு பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்ததும் மூலையில் கிடந்த வெள்ளை பிஷப்புக்குத் தப்ப வழியே இல்லை, மிச்சம் சிப்பாய் ஆட்டம், அதில் கறுப்பில் ஆடிய குகேஷுக்கு வெற்றி. 18 வயதில் உலக சாம்பியன். அழுதுகொண்டே காய்களைத் திரும்ப அடுக்கி வைத்தாரே, அந்த வீடியோவைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்கணும்.

நேரமிருந்தால், நியூயார்க்கில் உலக ரேபிட் (விரைவு செஸ்) பட்டம் வென்ற ஹம்பியின் ஆட்டம் ஒன்று.

நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். போன வாரம் ஒரு செட்டில் கறுப்பு ராணி குறைந்தது, யார் பையிலாவது கிடக்கிறதா பாருங்கள்.