ஃபார்மட் செய்வதற்கு முன்

சேரன்மகாதேவி,
ஐப்பசி.

அன்பு நண்பா,

உன் கடிதம் நேற்றுப் பிற்பகல் கிடைத்தது. உவரியில் உன் வீட்டுக் கம்ப்யூட்டர் பத்து நாளாக ஒழுங்காகத் தொடங்கவில்லை என்றும், விண்டோஸ் சின்னம் தோன்றிப் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அணைந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்றும், ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்றுதான் இன்று வயல் பக்கம் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிப்பது. அதற்கு இப்போது சம்மதிக்காதே.

சென்ற ஆண்டு இதே ஐப்பசியில் எனக்கும் இந்தத் துன்பம் வந்தது. கன்னடியன் கால்வாயில் எங்கள் மடைக்குக் கீழுள்ள வயல்களின் தண்ணீர் முறைக் கணக்கு பதினோரு ஆண்டாக என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. யாருக்கு எந்த நாள் முறை, எந்த ஆண்டு கார் சாகுபடி பொய்த்தது, எந்த வரப்புத் தகராறை எப்படிப் பேசி முடித்தோம் என்பதெல்லாம் அதில் உண்டு. இடி மின்னல் கண்டால் பிளக்கைக் கழற்றி வைப்பது என் வழக்கம். பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவிய அந்த வாரமும் கழற்றிவைத்து, இரண்டு நாள் கழித்து மாட்டி சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே கிடந்தது, நீளமான பீப் ஒலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. தலைமடையிலிருந்து கரையோடு நடந்து, எதுவரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றியது. எஸ்எம்பிஎஸ் என்னும் மின்பெட்டி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்து, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு என்னும் பலகைக்குக் கொடுக்கிறது. அந்தப் பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் விழித்து, ப்ராசசர், ரேம் என்னும் தற்காலிக நினைவகம், டிஸ்ப்ளே ஆகியவற்றைச் சோதிக்கிறது. பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தேடுகிறது. அதற்கும் பிறகுதான் விண்டோஸின் வேலை. விசிறியே சுற்றாவிட்டால் பிளக், ஒயர், எஸ்எம்பிஎஸ் என்று பார்க்கலாம். விசிறி சுற்றித் திரை வராமல் பீப் மட்டும் வந்தால், பயாஸ் எதையோ சோதித்துப் பார்த்து அங்கே நிற்கிறது என்று பொருள். பீப் ஒலியின் கணக்கு மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். என்னுடையதன் கையேட்டில், விடாமல் வரும் நீண்ட ஒலி ரேமைக் குறிப்பதாக இருந்தது.

பிளக்கை உருவிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்தேன். உள்ளே தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. பின்பக்க விசிறித் துளையோரம் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. ரேமின் இரண்டு முனையிலும் உள்ள வெள்ளைக் கொக்கிகளை வெளியே தள்ளியதும் அது தானாக மேலெழும்பி வந்தது. அதன் பொன்னிறப் பற்களின்மேல் மங்கலாக ஒரு படலம். பேத்தியின் பென்சில் அழிப்பானால் இருபுறமும் மெதுவாகத் தேய்த்து, துகள் போகத் துடைத்து, நடுவிலுள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து அழுத்தினேன். இரண்டு கொக்கியும் ‘டக்’கென்று மூடிக்கொண்டால்தான் ரேம் முழுதும் உட்கார்ந்தது என்று பொருள். சுவிட்சைப் போட்டேன், திரை வந்தது.

ஆனால் விண்டோஸ் சின்னம் வந்ததும் நீல நிறம் ஒரு நொடி மின்னி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. உன் கம்ப்யூட்டரின் நிலைமை இதைத்தான் ஒத்திருக்கிறது. கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்தும் வராவிட்டால் புதிது போடலாம் என்றார்கள். பதினோரு ஆண்டுக் கணக்கை நினைத்து, வேண்டாம் என்று திரும்ப எடுத்துவந்தேன்.

அன்றிரவு என் தங்கை மகன் தன் லேப்டாப்பில் 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை ஏற்றிக் கொடுத்தான். அதை டிஸ்க்கில் நிறுவ வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. ஓடவிட்டதும் என் டிஸ்க் அதில் தெரிந்தது, கோப்புறைகள் திறந்தன. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையிலும் குறை இல்லை. வேறு எதையும் தொடாமல், கணக்கு முழுவதையும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்தேன். அது முடிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போனது டிஸ்க் இல்லை என்றால் வேறு எது என்று யோசித்தபோது, ரேமைத் துடைத்த அன்று முதன்முதலாகத் திரை வந்ததும் இரண்டு வரி ஆங்கிலத்தில் தோன்றியதும், நான் அதைப் படிக்காமல் எஃப்1 விசையை அழுத்தியதும் நினைவுக்கு வந்தன. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி 2010 ஜனவரி 1 என்றிருந்தது. மதர்போர்டில் சிஆர் 2032 என்று ஒரு நாணய பேட்டரி உண்டு. புதிதில் அது 3 வோல்ட் காட்டும். மல்டிமீட்டரில் என்னுடையது 1.4 காட்டியது. பிளக் மாட்டியிருக்கும்வரை மின்சாரமே பயாஸின் நினைவைக் காத்துவந்திருக்கிறது. இரண்டு நாள் கழற்றி வைத்ததும் நேரம் மட்டுமல்ல, பயாஸில் செய்து வைத்திருந்த அமைப்புகள் எல்லாமே அழிந்து பழைய நிலைக்குப் போய்விட்டன. அவற்றில் ஒன்று, டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பது. என் விண்டோஸ் 7 நிறுவப்பட்டது ஏஹெச்சிஐ முறையில். அழிந்த பிறகு அது ஐடிஇ என்னும் வேறு முறைக்கு மாறியிருந்தது. அதனால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியாமல் போனது. எஃப்8 விசையை அழுத்தி, கோளாறு வந்தால் தானாக மறுதொடக்கம் ஆவதை நிறுத்தினேன். நீலத் திரை அப்படியே நின்றது. அதிலிருந்த எண் 7பி என்று முடிந்தது. தொடக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பதற்கான எண் அது. பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி, ஏஹெச்சிஐ என்று வைத்துச் சேமித்தேன். நான்கு நாளாகத் தொடங்காத கம்ப்யூட்டர் தொடங்கியது.

உன்னுடையதும் பேட்டரிதான் என்று நான் சொல்லவில்லை. சின்னம்வரை வருவதால் எஸ்எம்பிஎஸ்ஸும் ரேமும் பெரும்பாலும் நலம் என்று மட்டும் சொல்வேன். முதலில் காதைக் கொடுத்துக் கேள். டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’கென்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிடு, அதற்குமேல் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதே. ஒலி இல்லாவிட்டால் பயாஸில் தேதி சரியா என்று பார். அங்கே எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துக்கொள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. உன்னுடையது விண்டோஸ் 10 என்பதால் எஃப்8 வேலை செய்யாது. தொடங்கும்போது இரண்டு மூன்று முறை அணைந்துபோனால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும், அதன் வழியே, அவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடுக்குப் போகலாம். அதற்கெல்லாம் முன்பாகவே பென் டிரைவ் வழியாக உன் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடு. மதினி உவரித் திருவிழாவில் எடுத்த படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பென் டிரைவை இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன், உபுண்டு அதில் ஏற்றியிருக்கிறது. உப்புக் காற்று அடிக்கும் ஊர் என்பதால் ரேமையும் டிஸ்க் கேபிளையும் ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டிப் பார். எந்த இடத்தில் நிற்கிறது, திரையில் என்ன எழுத்து வருகிறது என்பதை ஒரு வரி விடாமல் குறித்து எனக்கு எழுது. முடியாவிட்டால் கேபினட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்