நாலு எண்களையும் எழுதி அனுப்பு

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். வேலை கிடைத்த சந்தோஷம் வரிக்கு வரி தெரிந்தது. "நாட்டு அளவோடு பார்த்தால் இந்த மாவட்டத்தில் ஆண் பெண் சம்பள வித்தியாசம் பாதிகூட இல்லைம்மா. அதனால் அவங்க சொன்ன சம்பளத்துக்கே சரின்னு சொல்லிடப் போறேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த "அதனால்" எனக்கு உறுத்துகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நாட்டு அளவில் முழுநேர வேலை பார்க்கும் ஆணுக்கு 100, பெண்ணுக்கு 82 என்று வைத்துக்கொள். உன் மாவட்டத்தில் ஆணுக்கு 75, பெண்ணுக்கு 70. நாட்டில் ஆணின் சம்பளத்தில் 82 சதவீதம் வாங்கும் பெண், உன் பகுதியில் 93 சதவீதம் வாங்குகிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 70, நாட்டின் மற்ற பெண்கள் வாங்கும் 82-ஐ விட 12 குறைவு. நல்ல சம்பளம் தந்த ஆலை ஒன்று மூடி, ஆண்களின் வருமானம் சரிந்தாலே இடைவெளி சுருங்கிவிடும். பெண்ணின் கைக்கு ஒரு காசு கூடியிருக்காது. அதனால் விகிதத்தை மட்டும் பார்க்காதே. உள்ளூர் ஆண், உள்ளூர் பெண், நாட்டு ஆண், நாட்டு பெண் என்று நாலு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்.

அந்த எண்கள் சராசரியா, இடைநிலை அளவா (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவரின் சம்பளம்) என்றும் கவனி. பெரிய சம்பளக்காரர்கள் நாலு பேர் இருந்தாலே சராசரி ஏறிவிடும். சின்னப் பகுதி என்றால் கணக்கெடுப்பில் அகப்பட்டவர்களும் கொஞ்சம்தான், ஒரு வருஷத்து எண்ணை நம்ப முடியாது. அமெரிக்காவில் 65,000 பேருக்குக் குறைவான பகுதிகளுக்கு பெரும்பாலும் ஐந்து வருஷத் தகவலைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள்.

இன்னொன்று, "முழுநேரம்" என்ற வார்த்தை. பிரிட்டனில் 2024-இல் முழுநேர ஊழியர்களிடையே மணிக்கூலி வித்தியாசம் சுமார் 7 சதவீதம். பகுதிநேரக்காரர்களையும் சேர்த்தால் 13 ஆகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்ட பெண்கள் முதல் எண்ணில் இல்லவே இல்லை.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? நான் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவள். பக்கத்து மேஜைக்காரர் எனக்கு மூன்று வருஷம் பின்னால் வந்தவர், அதே வேலை. அவர் பெயருக்கு நேரே என்னுடையதை விடப் பெரிய தொகையை மாதா மாதம் என் கையாலேயே எழுதினேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அவர் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர்" என்றார்கள். அப்போது நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது என் சம்பளம் ஒன்றுதான். அதைச் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். சம்பள உயர்வு சதவீதக் கணக்கில் வந்ததால், வருஷத்துக்கு வருஷம் அந்த வித்தியாசமும் வளர்ந்தது. இப்போது என் ஓய்வூதியத்திலும் அது உட்கார்ந்திருக்கிறது.

2023-இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் இதைத்தான் ஆராய்ந்தார். இன்றைய வித்தியாசத்தில் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில்தான் இருக்கிறது, முதல் குழந்தைக்குப் பிறகு அது விரிகிறது என்கிறார். நீ இப்போதுதான் ஆரம்பிக்கிறாய். தொடக்கச் சம்பளத்தில் விட்டுக்கொடுப்பதை அப்புறம் பிடிப்பது கஷ்டம்மா.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே. அதற்குள் அந்த நாலு எண்களைத் தேடி எடு. இதே வேலைக்குக் கடைசியாகச் சேர்ந்த ஆணுக்கு என்ன கொடுத்தார்கள் என்று அங்கேயே கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா