செங்கோட்டை காலை நடையாளர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். 1956-இல் நம் ஊர் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாளான நவம்பர் 1 அன்று ஊர் நுழைவாயில் வளைவு வரை நடந்துபோய் வந்தோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. மறைந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். சாரல் காலத்தில் குடை பிடித்துக்கொண்டு நடக்க வந்தவர்கள் ஆறேழு பேர். அவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி, பலரும் குறை சொன்ன உடற்தகுதிச் சோதனை.

இதை ஏன் எடுத்துச் செய்தேன் என்று இன்றுவரை கேட்கிறார்கள். நம் உறுப்பினர் ஒருவர் தினம் ஐந்து கிலோமீட்டர் விடாமல் நடப்பவர். ஒரு கல்யாண வீட்டில் பாயில் உட்கார்ந்தவரை எழுப்பிவிட இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நடையால் இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்கும், சரி. ஆனால் உடற்தகுதி அது ஒன்றோடு முடிவதில்லை. தசை வலிமை, தசையின் தாங்குதிறன், மூட்டுகளின் நெகிழ்வு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்ற கணக்கு என்று இன்னும் நான்கு இருக்கின்றன. நம் வயதுக்குச் சமநிலையையும் பார்த்தாக வேண்டும். வேகம், சுறுசுறுப்பு எல்லாம் விளையாடுகிற பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட்டோம்.

ஆகஸ்ட் 29 என்று நாள் குறித்தேன். ஹாக்கி வீரர் தியான்சந்த் பிறந்த நாள், தேசிய விளையாட்டு தினம். 2019-இல் ஃபிட் இந்தியா இயக்கம் தொடங்கியதும் அன்றுதான். வியாழக்கிழமையாகப் போய்விட்டது என்பதைத் தவிர அந்தத் தேதியில் ஒரு குறையும் இல்லை. மைதானம் தருவதாகச் சொன்ன பள்ளி அன்று காலை கேட்டைத் திறக்கவில்லை. பெயர் வேண்டாம். உறுப்பினர் ஒருவரின் நெல்களத்தில் சுண்ணாம்புப் பொடியால் 30 மீட்டர் கோடு போட்டு, இரண்டு முனையிலும் செங்கல் வைத்தோம். 52 பேரில் வந்தவர்கள் 17 பேர்.

அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனைதான் பேர் போனது. அதை நமக்கு வைத்தால் ஆம்புலன்ஸையும் கூட வைக்க வேண்டும். ஆகவே ஆறு நிமிட நடை. ஓடக் கூடாது, முடியாதவர்கள் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்பதுதான் கணக்கு. இதில் எல்லாரும் ஜோராக நடந்தார்கள்.

நாற்காலிச் சோதனையில்தான் சாயம் வெளுத்தது. கையில்லாத நாற்காலியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறோம் என்று எண்ணுவது. ரிக்லி, ஜோன்ஸ் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியைகள் முதியவர்களுக்கென்று வகுத்த சோதனைகளில் இதுவும் ஒன்று. 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள் 14 முறை எழாவிட்டால் சராசரிக்குக் கீழ். அதே வயதுப் பெண்களுக்கு 12. நடையில் எப்போதும் முன்னால் போகும் ஒருவர் ஒன்பதாவது முறை எழும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு, “நாற்காலி பள்ளமா இருக்கு” என்றார். அன்று அதிகம் எழுந்தவர் கேரளத்து ஆரியங்காவிலிருந்து மழையில் முதல் பஸ் பிடித்து வந்த உறுப்பினர். ரப்பர் வெட்டுகிறவர். 21 முறை. அவருக்குச் சந்தா பாக்கியும் கிடையாது. பத்து வீடு தள்ளி இருப்பவர்கள் சாரலைக் காரணம் காட்டினார்கள்.

இடுப்பளவை நம் டெய்லர் அண்ணாச்சி எடுத்தார். “பேண்ட் 34தானே, அதையே எழுதும்” என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். பேண்ட் கட்டுவது தொப்பைக்குக் கீழே. அளக்க வேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. டேப்பில் 41 அங்குலம் காட்டியதும் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சியும் அவர் விடும்வரை டேப்பைப் பிடித்தபடியே நின்றார்.

காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து விரல் எட்டும் தூரத்தை அளக்கும் பெட்டியை ஆசாரியிடம் சொல்லிச் செய்தேன். 1,150 ரூபாய். பொதுப்பணத்தில் பெட்டி செய்துவிட்டேன் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன்: அதில் என் விரல் பாதத்துக்கு 11 சென்டிமீட்டர் முன்பே நின்றுவிட்டது. எனக்காகச் செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகச் செய்திருப்பேன்.

ஒற்றைக்காலில் நிற்கும் சோதனையில் கண்ணை மூடச் சொன்னதும் பாதிப் பேர் தள்ளாடினார்கள். கீழே விழாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் நிறுத்தியிருந்தேன். அதற்கும் நன்றி யாரும் சொல்லவில்லை.

கணக்கு விவரம் பொருளாளர் அண்ணாச்சியிடம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் வரவுக்கும் செலவுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம், செலவுப் பக்கமாக. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 29 பேர் பாக்கி. அதில் சிலர் கல்லாவில் இருந்துகொண்டே “நாளைக்கு” என்கிறார்கள்.

களம் தந்தவர், சுக்குக் காபி தந்த டீக்கடைக்காரர், டெய்லர் அண்ணாச்சி, தலைவர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை யார் ஏற்றாலும் எனக்குச் சம்மதமே. யாரும் முன்வராவிட்டால் பழையபடி நானே பார்த்துக்கொள்கிறேன். அப்புறம், சோதனை இந்த வருடமும் ஆகஸ்ட் 29தான், வெள்ளிக்கிழமை. போன வருட அளவோடு ஒப்பிட்டால்தான் ஏறியிருக்கிறோமா இறங்கியிருக்கிறோமா என்று தெரியும். அந்த 17 பேரின் அளவுகளும் தனித்தனிக் கவரில் ஒட்டி என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. சந்தா கட்ட வரும்போது அப்படியே வாங்கிக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
செயலாளர்